சொத்துவரி பாக்கி: கடன் வாங்கி ஒரே தடவையில் கட்டுவதா, சிறிது சிறிதாகக் கட்டுவதா? வேலூர் வீட்டு உரிமையாளர்களுக்கான ஓர் ஒப்பீடு

வேலூர் மாநகராட்சிப் பகுதியில் சொந்த வீடு வைத்திருப்பவர்களில் கணிசமானவர்களுக்குச் சொத்துவரி ஒரு சுமையாக மாறியது 2022ஆம் ஆண்டுச் சீராய்வுக்குப் பிறகுதான். சென்னையைத் தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் என்று அப்போது வரி உயர்த்தப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவீத உயர்வு வந்தது. பீடி சுற்றியும், தோல் தொழிற்சாலைக்குச் சென்றும், சிறு கடை நடத்தியும் வாழும் குடும்பங்கள் ஓர் அரையாண்டைத் தவற விட்டன. அடுத்ததையும் தவற விட்டன. இப்போது ஆறு, ஏழு அரையாண்டுகளின் பாக்கி ஒன்றாகத் திரண்டு நிற்கிறது. கேட்பு அறிவிப்பு வந்த பதற்றத்தில் அவர்கள் முதலில் எண்ணிப்பார்ப்பது யாரிடம் கடன் வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: கடன் வாங்கத்தான் வேண்டுமா?

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, சொத்துவரி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு என ஆண்டுக்கு இரு முறை செலுத்தப்பட வேண்டும். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபர் மாத இறுதிக்குள் செலுத்துபவருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கிறது. தாமதமானால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி சேர்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மாநகராட்சி வாங்குவது ஒரு ரூபாய் வட்டி. அதுவும் வட்டிக்கு வட்டி போடாத வட்டி. வேலூரில் தெரிந்தவர்களிடம் கைமாற்றாக வாங்கும் பணத்துக்கே நூற்றுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று கேட்கப்படும் நிலையில், பாக்கிதாரர் ஏற்கெனவே ஒப்பீட்டளவில் மலிவான ஒரு கடனில்தான் இருக்கிறார். எந்தப் புதிய கடனையும் இந்த ஒரு ரூபாய் வட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சத்துவாச்சாரியில் ஒரு சாதாரணக் குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு அரையாண்டு வரி 2,400 ரூபாய் என்றும், கடந்த ஆறு அரையாண்டுகளாகக் கட்டவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். வரி மட்டும் 14,400 ரூபாய். ஒவ்வோர் அரையாண்டும் முடிந்த நாளிலிருந்து மாதம் 1 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, மிகப் பழைய தொகைக்கு 36 மாதம், மிகப் புதிய தொகைக்கு 6 மாதம் என்று தோராயமாகக் கணக்கிட்டால் வட்டி 3,024 ரூபாய் வருகிறது. ஆக மொத்தம் 17,424 ரூபாய். இதைக் கட்டாமல் விட்டால் இனி மாதந்தோறும் கூடுவது 144 ரூபாய். ஏனெனில் வட்டி 14,400 ரூபாய்க்குத்தான் ஓடுகிறது, சேர்ந்துவிட்ட 3,024 ரூபாய்க்கு ஓடுவதில்லை. மாறாக, நகையை வங்கியில் 10 சதவீத ஆண்டு வட்டிக்கு வைத்து 17,424 ரூபாயையும் ஒரே நாளில் கட்டிவிட்டால், வங்கிக்குத் தர வேண்டிய வட்டி மாதம் 145 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு ரூபாய்தான். அதாவது, கிடைக்கக்கூடிய மலிவான கடன்களில் ஒன்றை வாங்கினாலும் வட்டியில் மிச்சம் ஏதும் இல்லை. வட்டி மிச்சமாகும் என்று நினைத்துக் கடன் வாங்குபவர்கள் முதலில் இதை மனதில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பாக்கியை அப்படியே விட்டுவிடலாமா என்றால், விடக்கூடாது. சொத்துவரி அந்தச் சொத்தின் மீதே நிற்கும் பொறுப்பு; வீடு கைமாறினாலும் பாக்கி வீட்டோடுதான் போகும். கேட்பு அறிவிப்புக்குப் பிறகு அசையும் பொருட்களை ஜப்தி செய்யவும் வழக்குத் தொடுக்கவும் உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. நடைமுறையில் முதலில் கை வைக்கப்படுவது பெரும்பாலும் குடிநீர் இணைப்பில்தான். கோடையில் பாலாற்றில் நீரோட்டமே இல்லாத இந்த ஊரில் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படுவது என்ன பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேல், நடப்பு வரி ரசீது இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது, வீட்டை ஈடாக வைத்து எந்த வங்கியிலும் கடன் கிடைக்காது, விற்பனைப் பேச்சும் பாதியில் நிற்கும். ஆகவே கடன் வாங்கிக் கட்டுவதன் உண்மையான பயன் வட்டிக் குறைப்பு அல்ல, ரசீது. அந்த ரசீது எவ்வளவு சீக்கிரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் கேட்புத் தொகை சரியானதா என்று பார்த்துவிடுவது நல்லது. வரி விதிப்பு எண்ணைக் கொண்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் இணையதளத்திலேயே நிலுவையைப் பார்க்கலாம். வரி வசூல் மையத்தில் கேட்டும் வாங்கலாம். கட்டடப் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற பயன்பாடு, தெரு எந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டுள்ளது ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. வேலூர் 2008இல் மாநகராட்சியான பிறகு காட்பாடி, தாராபடவேடு, சத்துவாச்சாரி போன்ற பகுதிகள் அதனோடு இணைந்தபோது பழைய பதிவேடுகளும் சேர்ந்தே வந்தன. ஒரே வீட்டுக்குத் தந்தை பெயரில் ஒன்றும் மகன் பெயரில் ஒன்றுமாக இரண்டு வரி விதிப்பு எண்கள் இருப்பதைக் கண்டால் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒன்றை நீக்கச் சொல்ல வேண்டும். ஆட்சேபம் இருக்கும்போதும், ஆட்சேபம் இல்லாத பகுதியையாவது கட்டிவிடுவது பாதுகாப்பு.

கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் வடமாநில நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் காகிதப்பட்டறை, தோட்டப்பாளையம், சத்துவாச்சாரிப் பக்கம் ஏராளம். கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடியிருந்து, மேல்தளத்தை நாள் வாடகைக்கு விடும்போது அந்தத் தளம் வணிகப் பயன்பாடாகக் கணக்கிடப்படக் கூடும். கேட்புத் தொகை திடீரென்று பெருகி வந்தால், முழுக் கட்டடமும் வணிகமாக மாற்றப்பட்டுவிட்டதா, அந்தத் தளம் மட்டுமா என்று பார்க்க வேண்டும். முழுவதும் மாற்றப்பட்டிருந்தால், கடனுக்கு அலைவதற்கு முன்னால் அதைத் திருத்தக் கோருவதே முதல் வேலை.

இனி வழிகளுக்கு வருவோம். முதல் வழி, கடனே வாங்காமல் மாநகராட்சிக்கே பழைய அரையாண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வருவது. மேலே சொன்ன 2,400 ரூபாய் வீட்டுக்கு இதுவே போதுமானது; இரண்டு மாதத்துக்கு ஓர் அரையாண்டு வீதம் கட்டினால் ஓராண்டில் பாக்கி தீர்ந்துவிடும். பெரிய தொகைக்கும் இது பொருந்துமா என்பதே கேள்வி. அரையாண்டு வரி 18,000 ரூபாயாக உள்ள ஒரு வாடகைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு அரையாண்டு பாக்கி 1,08,000 ரூபாய், அதே முறையில் வட்டி 22,680 ரூபாய், மொத்தம் 1,30,680 ரூபாய். இதை 16 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடனாக வாங்கி 24 மாதத் தவணையில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,400 ரூபாய். இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 22,900 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்று கொண்டு, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் இன்னும் 3,000 ரூபாய் கூடும். அதே 6,400 ரூபாயை மாதாமாதம் ஒதுக்கி, ஓர் அரையாண்டுக்குப் போதுமான தொகை சேர்ந்தவுடன் மாநகராட்சிக்குக் கட்டிக்கொண்டே வந்தால், 23ஆவது மாதத்தில் பாக்கி முழுவதும் தீர்கிறது. இடைக்காலத்தில் கூடும் வட்டி 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கடன் வாங்காதவருக்குப் பதினோராயிரம் ரூபாய் மிச்சம். இந்தக் காலத்தில் புதிதாக வரும் அரையாண்டுகளின் வரியைத் தனியே கட்ட வேண்டியிருக்கும் என்பது இரண்டு வழிக்கும் பொது.

இந்த வழியில் குறை இல்லாமல் இல்லை. மாதம் தவறாமல் பணத்தை ஒதுக்கி வைக்கும் கட்டுப்பாடு வேண்டும்; வங்கித் தவணை கட்டாயத்தால் ஓடுகிறது, இது மனத்திடத்தால் மட்டுமே ஓடுகிறது. பாக்கி முழுதாகத் தீரும் வரை 5 சதவீத ஊக்கத்தொகையும் கிடைக்காது; செலுத்தும் பணம் பழைய நிலுவைக்கே முதலில் வரவு வைக்கப்படும். அதற்குள் அறிவிப்பு வந்தால், இதுவரை கட்டிய ரசீதுகளோடு வருவாய்ப் பிரிவு அலுவலரை நேரில் பார்த்து எத்தனை மாதத்தில் முடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுப்பது பயன் தரும். ஒன்றுமே கட்டாதவரையும் கட்டிக்கொண்டு வருபவரையும் எந்த அலுவலகமும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சொத்துவரி பாக்கி உங்கள் சிபில் மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. கடன் வாங்கி ஒரு தவணை தவறினால் அது பதிவாகிவிடும்.

இரண்டாவது வழி நகைக்கடன். ரசீது உடனே தேவைப்படுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பொதுத்துறை வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 முதல் 11 சதவீதத்துக்குள் முடிந்துவிடுகிறது. தனியார் நிதி நிறுவனங்களில் விளம்பரத்தில் காட்டும் வட்டி ஒன்றாகவும், மூன்று மாதம் வட்டி கட்டாமல் போனால் ஏறும் வட்டி வேறாகவும் இருக்கும். அது 20 சதவீதத்தைத் தாண்டிவிடுவதும் உண்டு. கிராமுக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள் என்பதற்காக அங்கே போவது இந்தத் தேவைக்குப் பொருத்தமற்றது. பதினேழாயிரம் ரூபாய்க்கு இன்றைய தங்க விலையில் சிறு நகை ஒன்றே போதும். அசலும் வட்டியும் சேர்த்துக் கடைசியில் ஒரே தடவையில் கட்டும் கடன் 12 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனை முழுதாக அடைத்த பிறகு 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் 2025இல் வெளியான அதன் நெறிமுறைகள் சொல்கின்றன. நம் ஊரில் நகைக்கடனில் நேரும் பெரிய சேதம் வட்டியால் அல்ல, மறதியால் நேர்கிறது. ஆடியில் வைத்த நகை அடுத்த ஆடிக்குள் மீட்கப்படாமல், அறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், ஏலத்தில் முடிகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் 2021இல் தள்ளுபடி செய்யப்பட்டதை நினைத்து, மறுபடியும் அப்படி வரும் என்று மீட்காமல் காத்திருப்பதும் தவறான கணக்கு.

வைப்புத்தொகையின் பேரிலும் எல்ஐசி பாலிசியின் பேரிலும் கடன் பெற வாய்ப்புள்ளவர்கள் நகையை எடுக்கவே தேவையில்லை. வைப்புத்தொகைக் கடனுக்கு வங்கி பொதுவாக அந்த வைப்புக்குத் தரும் வட்டியை விட 1 சதவீதம் கூடுதலாக வாங்குகிறது. இதைவிட மலிவான வழி இல்லை. இந்த மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் மிகுதி. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். ஓய்வூதியம் வரும் வங்கியிலேயே ஓய்வூதியக் கடன் கேட்கலாம்; தனிநபர் கடனை விட வட்டி குறைவு, தவணை ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படுவதால் தவறுவதற்கும் இடமில்லை. மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடனும் சிறு பாக்கிக்கு ஏற்றது. குழுவின் சேமிப்பிலிருந்து வாங்குவதால் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்புகிறது.

தனிநபர் கடனைப் பற்றி மேலே கணக்கோடு சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'ஆண்டுக்கு 10 சதவீதம்தான்' என்று சொல்லும் முகவர் பல சமயம் சொல்வது முழுக் கடன் தொகைக்கும் கடைசி மாதம் வரை போடப்படும் வட்டியை. மூன்றாண்டுத் தவணையில் அது குறையும் நிலுவைக்குப் போடும் கணக்கில் ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். 2024 அக்டோபர் முதல் கடன் தருபவர் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையில் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. கடன் அட்டையில் வரியைக் கட்டி, அடுத்த பில்லில் முழுதாகச் செலுத்த முடிந்தால் சரி. முடியாவிட்டால் மாதம் 3 முதல் 4 சதவீதம் வட்டி ஓடும், ஒரு ரூபாய் வட்டியிலிருந்து மூன்றரை ரூபாய் வட்டிக்குக் குடிபெயர்ந்ததாக ஆகும்.

வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். வரி பாக்கிக்காக இதைச் செய்யவே கூடாது என்று நினைக்கிறேன். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றோடு நடப்புச் சொத்துவரி ரசீதையும் வங்கி கேட்கும். எதற்காகக் கடன் வேண்டுமோ அந்த ரசீதையே முன்கூட்டிக் காட்டச் சொன்னால் கடன் எப்படிக் கிடைக்கும்? சிலர் கைமாற்று வாங்கி வரியைக் கட்டி, ரசீதைக் காட்டி அடமானக் கடன் வாங்கி, கைமாற்றை அடைக்கிறார்கள். வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, பத்திரப் பதிவு என்று செலவு பல ஆயிரங்களைத் தாண்டும். எல்லாவற்றையும் விட, தவணை தவறினால் சர்பாசி சட்டத்தின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்ற வழக்கில்லாமலே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்க முடியும். மாநகராட்சியின் ஒரு ரூபாய் வட்டிக்குப் பயந்து வீட்டையே பணயம் வைப்பது அது. ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருப்பவர், வீட்டைப் பழுது பார்க்கும் பெருந்தொகையோடு வரி பாக்கியையும் சேர்த்துக் கூடுதல் கடன் வாங்குவது மட்டுமே இதில் விதிவிலக்கு. பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது, வட்டியும் வீட்டுக் கடன் வட்டியை ஒட்டியே இருக்கும்.

தண்டலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மார்ச் மாதத்தில் வரி வசூல் தீவிரமாகும்போது மார்க்கெட் கடைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் அவசரத்துக்குப் போய் நிற்பது அங்கேதான். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கையில் வருவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு நாளுக்கு வட்டி 1,500 ரூபாய், அதுவும் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருக்கும்போது. அதே 8,500 ரூபாயை மாநகராட்சிக்கு நூறு நாள் தாமதமாகக் கட்டியிருந்தால் கூடியிருப்பது முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் புகாருக்குப் போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதே மேல். கைபேசிச் செயலிகளில் ஐந்து நிமிடத்தில் தரப்படும் கடனையும் இதே வரிசையில் வைக்கலாம்.

யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்தால், மகளின் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டி, வீட்டை ஈடாகக் காட்ட வேண்டிய பெற்றோருக்கு ரசீது இந்த மாதமே வேண்டும். அவர்கள் வங்கியில் நகை வைத்துப் பாக்கியைத் தீர்த்துவிடலாம். வீட்டை விற்கப் போகிறவர் கடனே வாங்க வேண்டியதில்லை. கிரய ஒப்பந்தத்தில் வாங்கும் முன்பணத்திலிருந்து வரியைக் கட்டுவதாகவோ, வாங்குபவரே கட்டி விலையில் கழித்துக்கொள்வதாகவோ எழுதிக்கொள்ளலாம். தந்தை இறந்து, வாரிசுகள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் கொசப்பேட்டையிலும் வேலப்பாடியிலும் இருக்கின்றன. வரி கட்டுவதால் யாருக்கும் தனி உரிமை வந்துவிடுவதில்லை, கட்டாததால் யாருடைய பங்கும் போய்விடுவதும் இல்லை; இறந்தவர் பெயரிலேயே ஒருவர் கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, பாகப்பிரிவினையின்போது மற்றவர்களிடம் ஈடு செய்துகொள்ளலாம். இந்த எந்த நெருக்கடியும் இல்லாமல் அந்த வீட்டிலேயே குடியிருக்கப் போகிறவர், கடன் வாங்காமல் பழைய அரையாண்டிலிருந்து கட்டத் தொடங்குவதே நல்லது.

எந்த வழியில் கட்டினாலும், கட்டிய மறுவாரம் வரி விதிப்பு எண்ணை இணையதளத்தில் போட்டு நிலுவை குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பில் வசூலிப்பவரிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கணினி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் ஆகியவை தனிக் கணக்கில் நிலுவையாக இருந்தால் அவற்றையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் போகும்போது பெரும்பாலும் தடையாக நிற்பது அந்தச் சிறு தொகைகள்தான்.